இரண்டு ஊர் வாய்க்கும் ஒரு பெயர்

குழந்தைக்கு நாலரை மாதம் முடிந்திருந்த ஒரு காலையில், நார்வேயில் பிள்ளைகளின் பெயரையும் பதிவு செய்கிற வரி அலுவலகத்திலிருந்து ஃபெய்த்தின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் மகளுக்கு இன்னும் பெயர் பதிவாகவில்லை. ஆறு மாதம் நிறையும் முன் பதிவு செய்யவும். அவ்வளவுதான். அதட்டல் எதுவும் இல்லை. ஆனாலும் ஃபெய்த்துக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்கத் துப்பில்லாதவள் என்று நார்வே அரசாங்கமே கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் "குட்டி" என்று கூப்பிட்டார்கள். குழந்தைகள் நலநிலையத்து அட்டையில் "பெண், ஹோவ்லாண்ட்" என்று குடும்பப் பெயர் மட்டும் எழுதியிருந்தது. இங்கிலாந்தில் கிரிம்ஸ்பியிலிருந்து ஃபெய்த்தின் அம்மா மோரீன் அனுப்பும் பார்சல்களின் மேல் "பேரு தெரியாத பேத்திக்கு" என்று இருக்கும். அவர்கள் வாழும் ஃப்ளோரோவின் தபால்காரர் படித்துவிட்டுச் சிரிக்கட்டும் என்று வேண்டுமென்றே எழுதுவதுதான் அது.

பெயருக்கா பஞ்சம்? இரண்டு ஊரிலும் உடையாமல் நிற்கிற பெயர்தான் அகப்படவில்லை. அப்படி ஒன்றுதான் வேண்டும் என்று ஃபெய்த் அடம்பிடித்ததற்குக் காரணம் அவளுடைய சொந்தப் பெயர்.

அவள் பிறந்த ஊரில் அந்தப் பெயருக்கு விசுவாசம் என்று பொருள். மோரீன் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். ஆசையாக வைத்த பெயர். ஆனால் நார்வேக்காரர்களின் நாக்குக்கு அந்தக் கடைசி 'த்' வராது. ஃபெய்த் என்று சொல்லப் போய் ஃபெய்ட் என்று முடிப்பார்கள். ஃபெய்ட் என்றால் அங்கே குண்டு. நாசூக்கான சொல்கூட இல்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கத்துகிற சொல்.

ஒன்பது வருடங்களுக்கு முன், இப்போது கணவனாகிவிட்ட ஐவினோடு வாழ ஃப்ளோரோவுக்கு வந்து, பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துத் தலைமையாசிரியை அவளை அறிமுகம் செய்தாள். "இவங்க பேரு ஃபெய்ட்." வில்யா என்ற நாலு வயதுப் பெண் எழுந்து வந்து, ஃபெய்த்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பொய். நீ குண்டே இல்ல" என்றாள்.

அதற்கெல்லாம் ஃபெய்த் பழகிவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தோல் தடித்துவிட்டது. ஆனால் கர்ப்பத்தின் எட்டாவது மாதத்தில் ஒரு நாள், நலநிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, நல்ல கணீரென்ற குரலில் "ஃபெய்ட்!" என்று கூப்பிட்டாள். கூடத்தில் இருந்த ஆறு பேரும் நிமிர்ந்தார்கள். ஃபெய்த் நாற்காலியின் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்கி எழுந்தாள். ஆறு பேரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். அப்புறம் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்கள். காரில் ஐவினிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

"என் பொண்ணு பேரைக் கேட்டு இங்கயும் யாரும் நிமிரக் கூடாது, அங்கயும் யாரும் சிரிக்கக் கூடாது" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு.

"வெச்சுடலாம்" என்றான் ஐவின். கப்பல் பட்டறையில் எஞ்சின் மெக்கானிக் அவன். எதையும் பழுது பார்த்துவிடலாம் என்று நம்புகிற ரகம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நீளத் தாள் ஒட்டினார்கள். பெயர், பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்று ஃப்ளோரோ, ஒன்று கிரிம்ஸ்பி. இரண்டிலும் தேறினால் பெயர் நிற்கும். ஃப்ளோரோ கட்டத்துக்கு ஐவின் நீதிபதி, கிரிம்ஸ்பி கட்டத்துக்கு மோரீன். மோரீனின் விசாரணை போனில் நடக்கும்.

"சீவ்னு ஒண்ணு இருக்கும்மா. இங்க நல்ல பேரு."

"சல்லடையா? பச்சப் புள்ளைக்குச் சல்லடைன்னா பேரு வைப்பாங்க?"

"சரி, குரோ?"

"அது 'வளரு'ன்னுல்ல இருக்கு. செடிக்குத் தண்ணி ஊத்துறப்ப சொல்லலாம்."

"ராண்டி?"

ராண்டி என்றால் கிரிம்ஸ்பியில் ஆண் பெண் சுகத்துக்கு அலைகிற ஆள். "ஃபெய்த், உங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு" என்றாள் மோரீன் மெதுவாக.

மோரீன் தன் பங்குக்குத் தன் தாயின் பெயரைச் சொன்னாள்: ஜோன். ஐவின் நார்வே வழக்கப்படி எழுத்துக்கூட்டிப் படித்தான். யூவான் என்று வந்தது. "எங்க பெரியப்பா பேரு இது. மீசை வெச்சிருப்பாரு" என்றான். ரூத் என்றாள் மோரீன். இன்னொரு 'த்' இந்த வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்று ஃபெய்த்தே அடித்துவிட்டாள். ஏலி இங்கே பெண்ணுக்கு வைக்கிற பெயர், அங்கே பையனுக்கு. நூரா இரண்டிலும் தேறியது; ஆனால் ஃபெய்த்தின் பாலர் பள்ளியில் ஏற்கெனவே பெரிய நூரா, சின்ன நூரா, சிவப்பு ஜாக்கெட் நூரா, கடிக்கிற நூரா என்று நாலு பேர். ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுபோய் விட மனம் வரவில்லை.

குழந்தை பிறந்தது மே மாதம். அக்டோபரில் தாளில் நாற்பத்தொரு பெயர்களும் நாற்பத்தொரு கோடுகளும் இருந்தன.

அந்த நாற்பத்தொன்றில் ஐவினின் அம்மா பெயர் மட்டும் இல்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர். நாலு தலைமுறையாக அப்படித்தான். பெயர் தூரி. சொல்லும்போது தூரி, எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' வந்து நிற்கும். நார்வே வாய் அதைத் தொடாது. கேட்பதற்கு இனிமையான பெயர், இடி தேவன் தோரின் பெயரும் அழகு என்ற சொல்லும் சேர்ந்து பிறந்த பழைய பெயர்.

ஆனால் எழுத்தில் பார்க்கிற ஆங்கிலக்காரன் கண்ணுக்கு அது வேறு. டி, யு, ஆர், ஐ, டி என்ற எழுத்துகளில் நடுவில் இருக்கிற 'ஐ'யை விழுங்கிவிட்டுப் படிப்பான். டர்ட். ஒரு கட்டி மலம்.

இதை ஃபெய்த் முதலில் உணர்ந்தது எட்டு வருடங்களுக்கு முன், கிரிம்ஸ்பியில் அவர்கள் கல்யாண விருந்தில். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவர் தட்டுக்கு முன்னாலும் ஒரு பெயர் அட்டை. தூரியின் அட்டையைப் பார்த்துவிட்டு ட்ரெவர் மாமா தன் மனைவியின் விலாவில் இடித்தார். அவள் பக்கத்து மேசைக்குச் சொன்னாள். பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசியில் ட்ரெவர் மாமா கோப்பையோடு எழுந்து, "மாப்பிள்ளையைப் பெத்த நம்ம டர்ட் அம்மாவுக்கு!" என்றார். கூடமே அதிர்ந்தது. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத தூரி தனக்குத்தான் வாழ்த்து என்று புரிந்துகொண்டு எழுந்து, தலை தாழ்த்தி, கோப்பையை உயரத் தூக்கினார். அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லி யாரோ படம் எடுத்தார்கள். பிடித்தார். நன்றாகச் சிரித்தார்.

"உங்க ஆளுங்க என்ன கலகலப்பு!" என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். படம் தபாலில் வந்ததும் சட்டம் போட்டு வீட்டு நடையில் மாட்டினார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஃபெய்த் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டுவது அந்தப் படத்துக்கு நேர் கீழே. எட்டு வருடமாக அவள் அந்தச் சுவரைப் பார்க்காமலே கோட்டை மாட்டப் பழகியிருந்தாள்.

தூரிக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் விரைவுப் படகில் சீட்டுக் கிழித்துக் கயிறு வீசியவர். காற்றை மீறிப் பேசிப் பேசிக் குரல் உரத்தபடியே நின்றுவிட்டது. புதன்கிழமைதோறும் வந்து, மழையோ புயலோ, குட்டியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் துறைமுகப் பக்கம் போய்விடுவார். அந்த மூன்று மணி நேரத் தூக்கத்தில்தான் ஃபெய்த்தின் வாரம் ஓடியது.

வரி அலுவலகச் செய்தி வந்த வாரம், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தூரி வந்திருந்தார். ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் வேகவைத்திருந்தார்கள். சாப்பிட உட்காரும் முன் தூரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அப்புறம் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோலுரித்தார். முழுதும் உரித்த பிறகுதான் பேசினார்.

"நாப்பத்தோரு பேரு எழுதியிருக்கீங்க. நம்ம பக்கத்து வீட்டு நாயோட பேருகூட இருக்கு. என் பேரைக் காணோம்."

ஐவின் தட்டைப் பார்த்தான். "அது... கொஞ்சம் பழைய பேருல்லம்மா."

"பழசா? சிக்னே இருக்கு, டாக்னி இருக்கு. அவங்கல்லாம் நேத்துப் பொறந்தவங்களா?"

ஐவின் ஃபெய்த்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிக்கொண்டாள். "இப்ப யாரும் வைக்கறதில்ல, தூரி. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணும்னுதான்..."

"சரி" என்றார் தூரி.

சண்டை பிடித்திருந்தால்கூடத் தேவலை. தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, குட்டியின் நெற்றியை முகர்ந்துவிட்டு, நல்ல கறி என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை செய்தி வந்தது: பல் வைத்தியரிடம் போகிறேன். அடுத்த புதன்: முதுகு பிடித்துக்கொண்டது. அந்த வாரமே வெள்ளிக்கிழமை கூட்டுறவுக் கடை வாசலில் ஃபெய்த் அவரைப் பார்த்தாள். இருபது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் ஒரு கோளாறும் இல்லை. ஃபெய்த்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒரே தெருவில் குடியிருக்கிறவர்கள் அசைப்பார்களே, அந்த அளவுக்கு.

வீட்டுக்கு வந்து ஃபெய்த் ஐவினைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லு. உன் அம்மா."

"என்னன்னு சொல்ல? அம்மா, உன் பேருக்கு அங்க பீன்னு அர்த்தம்னா?"

"ஆமா. அதத்தான்."

"எட்டு வருஷம் சொல்லாம இருந்துட்டு இப்பப் போய்..."

"ஏன் சொல்லல?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "சொல்லாம விட்டா தானா போயிடும்னு நெனச்சேன்."

"எஞ்சின்ல ஒரு சத்தம் வந்தா இப்படித்தான் விடுவியா?"

"எஞ்சின் அழாது" என்றான் ஐவின்.

வாரக் கடைசி முழுக்க ஃபெய்த்துக்கு அது குடைந்துகொண்டே இருந்தது. தூரி வராததோ தூக்கம் போனதோ பெரிதில்லை. அந்த ஊரில் அவள் பெயரை ஒழுங்காகச் சொல்கிற ஒரே ஆள் தூரிதான். கல்யாணத்துக்குக் கிரிம்ஸ்பி போவதற்கு முந்தைய ஆறு வாரமும் படகில், பயணிகள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து "த், த்" என்று சொல்லிப் பார்த்தவராம். மாலுமி ஒருவன்தான் ஃபெய்த்திடம் சொன்னான். தூரி அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. என் பெயருக்காக அவ்வளவு பாடுபட்டவரிடம், உங்கள் பெயர் பழசு என்று பொய் சொல்லியிருக்கிறோம். நினைக்க நினைக்கக் கூசியது.

திங்கட்கிழமை காலை, தள்ளுவண்டியில் குட்டியைப் போட்டு மழை உறையை மூடிக்கொண்டு தூரியின் வீட்டுக்கு நடந்தாள். தூரி கீழே படகுக் கொட்டகையில் இருந்தார். குளிர்காலத்துக்காகக் கரையேற்றிக் கவிழ்த்த படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றாள் ஃபெய்த்.

"இருக்கு" என்றார் தூரி. சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"தூரி, உங்க பேரு பழசுன்னு சொன்னது பொய்."

சுரண்டிய கை நின்றது.

ஃபெய்த் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கொட்டகை மணலில் விரலால் பெயரை எழுதி, நடுவில் இருந்த ஒரு எழுத்தை அழித்துக் காட்டினாள். மிச்சம் இருந்ததை ஆங்கிலத்தில் படித்தாள். பொருளை நார்வேஜிய மொழியில், பாலர் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிற அதே சொல்லால் சொன்னாள். வேறு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

தூரி மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். ஃபெய்த் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். நடையில் தூரி அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"அப்ப இவங்க இதப் பாத்துத்தான் சிரிச்சாங்க."

"ஆமா."

"அந்தச் செவந்த மூஞ்சிக்காரர் எந்திரிச்சு வாழ்த்துச் சொன்னாரே?"

"அதேதான் சொன்னாரு."

"நான் எந்திரிச்சுக் குனிஞ்சு கும்பிட்டேன்." தூரியின் குரல் முதன்முறையாகத் தணிந்திருந்தது. "வருஷா வருஷம் உங்கம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புறேன். பெரிய பெரிய எழுத்துல கையெழுத்துப் போட்டு."

"அம்மா அதப் பாத்துச் சிரிச்சதில்ல, தூரி. அட்டையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கா."

"உனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"அவனுக்கும்."

"அவனுக்கும்."

"பேரு என்னமோ இருந்துட்டுப் போகட்டும். எங்கப்பன் வெச்ச பேரு, அதுல எனக்கென்ன வெக்கம்?" தூரி படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "ஆனா எட்டு வருஷம் என்னை இத மாட்டி வெச்சுக்க விட்டீங்களே, ரெண்டு பேரும். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினேனே. அதத்தான் தாங்க முடியல."

ஃபெய்த் மன்னிப்புக் கேட்டாள். தூரி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "காப்பியப் போடு. நல்லா கெட்டியா" என்றார்.

ஃபெய்த் காப்பி போட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டாவது கோப்பையில்தான் தூரி வாய் திறந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். ஒன்பது வருஷமா வயித்துல கெடக்குது. அவன் மொதல்ல போன் பண்ணி, இங்கிலாந்துல ஒரு பொண்ணப் பாத்திருக்கேம்மா, பேரு ஃபெய்ட்னு சொன்னான். நான் போன வெச்சுட்டு என் தங்கச்சியக் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சோம் பாரு, அழுகையே வந்துடுச்சு. குண்டு மருமக வர்றா, படகு தாங்குமான்னா அவ."

ஃபெய்த் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் நீ படகுலேந்து எறங்குன. ஊசி மாதிரி. அதப் பாத்துட்டு மறுபடி சிரிச்சோம். பெட்டியத் தூக்கிக்கிட்டு நீயும் எங்களப் பாத்துச் சிரிச்ச, எதுக்குன்னே தெரியாம."

"ஞாபகம் இருக்கு" என்றாள் ஃபெய்த். "என்ன அன்பான குடும்பம்னு நெனச்சேன்."

தூரி அவளைப் பார்த்தார். அவள் தூரியைப் பார்த்தாள். முதலில் யாருக்கு உதடு கோணியது என்று சொல்ல முடியாது. தூரியின் சிரிப்புச் சத்தத்தில் குட்டி விழித்துக்கொண்டு அலறியது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்ட பிறகும் தூரியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பினால் மட்டும்தானா என்று ஃபெய்த் கேட்கவில்லை.

"நடுப்பேரா வெச்சுடலாம் தூரி" என்றாள். "மொத பேரு வேற எதாவது இருக்கட்டும், பின்னால உங்க பேரு."

"வேணாம். பாஸ்போர்ட்ல அதையும் சேத்துத்தான போடுவான்? எனக்குத் தெரியாம சொமந்தேன். தெரிஞ்சே எதுக்கு அவ தலையில கட்டணும்?" தூரி குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். "என் பேருல பாதி போதும். அந்த வாலு மட்டும். அழகுங்கற பாதி. அஸ்ட்ரில இருக்கு, அது."

"அஸ்ட்ரி ஆகாது. மொத ரெண்டு எழுத்து அங்க பின்பக்கம்."

"என்ன பாஷையோ! கீழ்ப்பக்கம் தவிர வேற ஒண்ணுமே இல்லையா அதுல?" கொஞ்சம் யோசித்தார். "சரி, இங்ரி."

ஃபெய்த் அதை மேசையில் விரலால் எழுதிப் பார்த்தாள். இங்ரி. எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்'. இங்கே சொல்ல மாட்டார்கள், அங்கே சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் பெயர் பெயராகவே இருக்கும். கிரிம்ஸ்பியில்கூட அவளோடு படித்த ஒருத்திக்கு அந்தப் பெயர். இவ்வளவு எளிதான பெயர் நாற்பத்தொன்றில் ஏன் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தூரிக்கும் தெரியும்.

ஃபெய்த்தைச் சந்திப்பதற்கு முன்னால் ஐவின் மூன்று வருடம் காதலித்தவளின் பெயர் இங்ரி. இப்போது மருந்துக்கடையில் வேலை. குட்டியின் தொடைச் சிவப்புக்குக் களிம்பு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். நல்ல பெண். ஆனால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்று ஒரு வழக்கம், யாரும் சொல்லாமலே உண்டாகியிருந்தது.

"அந்த இங்ரின்னு தோணுமா உனக்கு?" என்றார் தூரி.

ஃபெய்த் யோசித்துப் பார்த்தாள். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து "இங்ரி" என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தை தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை சொன்னாள், இந்தத் தடவை கிரிம்ஸ்பிக்காரி மாதிரி, 'ட்' வைத்து. மருந்துக்கடைக்காரியின் முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது, வந்துவிட்டுப் போய்விட்டது.

"ஊருல நூறு இங்ரி இருக்கா" என்றாள். "ஒருத்திக்காக மிச்ச பேரையெல்லாம் தள்ளி வைக்க முடியுமா?"

சாயங்காலம் ஐவின் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"பேரு கெடச்சிடுச்சு. இங்ரி."

ஒரு பூட்ஸ் கையில் இருந்தது. "எந்த இங்ரி?"

"உனக்கு எத்தனை இங்ரி தெரியும்?"

அவன் காது நுனி சிவந்தது. "இல்ல... யாரு சொன்ன யோசன இது?"

"உங்கம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கல்யாணம், அட்டை, போட்டோ, எல்லாம்."

ஐவின் நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்ன சொன்னாங்க?"

"உன்கிட்டத் தனியாப் பேசுறாங்களாம்."

தனியாகப் பேசியது மறுநாள். முக்கால் மணி நேரம். என்ன பேசினார்கள் என்று அவன் சொல்லவில்லை. திரும்பி வந்து கைகழுவிவிட்டு, "நான் கோழைன்னு சொன்னாங்க. சரின்னேன்" என்று மட்டும் சொன்னான். அந்த மாதம் நாலு சனிக்கிழமையும் அம்மாவின் படகைச் சுரண்டி வண்ணம் பூசினான். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைச் சுட்டிக்காட்டினார்.

பெயரைப் பதிவு செய்யும் முன் ஃபெய்த் மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். களிம்பை வாங்கிக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பொண்ணுக்கு இங்ரின்னு வைக்கறோம். உங்களுக்காக இல்ல. ஆனா வேற யாராவது சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு வந்தேன்" என்றாள்.

மருந்துக்கடை இங்ரி களிம்புப் பெட்டியைப் பையில் போட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "மூணு வருஷத்துல ஒரு தடவகூட என் பொறந்தநாள ஞாபகம் வெச்சதில்ல அவன். இனிமே பேராவது மறக்காது." பையை நீட்டிக்கொண்டே, "நெஜமாவே நல்ல பேரு, ஃபெய்ட். ஒரு தொந்தரவும் தராது" என்றாள்.

அவள் உச்சரித்த விதத்தை ஃபெய்த் அன்றைக்குக் கவனிக்கக்கூட இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.

அன்று மாலையே ஐவின் சோபாவில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். எழுத்து ஒவ்வொன்றையும் ஃபெய்த்திடம் காட்டிச் சரிபார்த்து அனுப்பினான். பத்து நிமிட வேலை. ஐந்து மாதமாக ஆகாத வேலை.

மறுநாள், புதன்கிழமை, தூரி வந்தார். அவர் இருக்கும்போதே மோரீன் வீடியோவில் கூப்பிட்டாள். ஃபெய்த் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, ஒருத்தி மடியில் குழந்தையும் இன்னொருத்தி திரையிலுமாக இருவருக்கும் பெயரைச் சொன்னாள்.

"இங்ரிட்!" என்றாள் மோரீன், 'ட்'டை ஆணியடித்த மாதிரி. "என் கண்ணே, இங்ரிட்!"

தூரியின் புருவம் ஏறியது. "என்ன சொல்றாங்க? அங்க 'ட்' எங்கேந்து வந்துச்சு?"

"எழுத்துல இருக்கு தூரி."

"எழுத்துல இருந்தா? எழுத்துல இருக்கறதையெல்லாம் சொல்லணுமா? இங்ரின்னு சொல்லச் சொல்லு."

ஃபெய்த் மொழிபெயர்த்தாள்.

"இருக்கற எழுத்தச் சொல்லாம விட்டா அது எதுக்கு அங்க நிக்குது?" என்றாள் மோரீன். "சும்மா வேடிக்க பாக்கவா?"

ஃபெய்த் அதையும் மொழிபெயர்த்தாள். தூரி குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, திரைக்கு நெருங்கி, படகுக் குரலில், "இங்-ரி" என்று நிறுத்திச் சொன்னார். கிரிம்ஸ்பியிலிருந்து "இங்-ரிட்" என்று பதில் வந்தது. "ரி." "ரிட்." இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூன்று மணி நேரத் தூக்கம் இன்றைக்கு இல்லை என்று ஃபெய்த்துக்குப் புரிந்துவிட்டது. துவைத்த துணி இயந்திரத்திலேயே கிடந்தது. அதை எடுத்து உலர்த்தப் போனாள். பின்னால் இருவரும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இங்ரி, பெயர் வைத்து ஒரு நாள்கூட ஆகாதவள், தூரியின் மேல் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.